அம்மாவின் சேத்துப்புண் மாறவே மாட்டேன் என்கிறது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

லிந்துலைப் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். நான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவைதான் லிந்துலையில் அம்மா இருக்கிற தேயிலைத் தோட்டத்துக்குப் போவேன். அம்மாவுக்கு 52 வயது. பதினெட்டு வயதில் கொழுந்து எடுக்கப் போனவர், இன்னும் மலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.

போன சனிக்கிழமை இரவு அடுப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதோ வாடை அடித்தது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று விறகுக் கட்டையெல்லாம் நகர்த்திப் பார்த்தேன். அம்மா ஒன்றும் பேசாமல் காலை மடக்கிச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிடிவாதமாகக் காலை இழுத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தோல் வெள்ளை வெளேரென்று, தண்ணீரில் ஊறின அப்பளம் மாதிரி. விரலை விரித்ததும் அது உரிந்து, உள்ளே சிவப்பாக வெடிப்பு. இரண்டு காலிலும் அப்படித்தான். குதிகாலில் பித்தவெடிப்பு வேறு. அதில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றியிருக்கிறார். "இது என்ன புதுசா, மே மாசம் மழை பிடிச்சா எல்லாருக்கும் வர்றதுதானே" என்கிறார்.

இதற்குமுன் செய்தவை: மஞ்சள், சாம்பல், மண்ணெண்ணெய் (ஆமாம், மண்ணெண்ணெய்!). அப்புறம் டவுனில் ஒரு பாமசியில் காலைக்கூடப் பார்க்காமல் ஒரு டியூப் கொடுத்தார்கள். பூசி நாலே நாளில் சுத்தமாகப் போய்விட்டது. அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். பத்து நாளில் திரும்பி வந்தது, முன்பைவிட அகலமாக.

லீவு போடச் சொன்னால் கேட்க மாட்டார். போனாலும் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான். பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன், சரிவில் வழுக்குது என்று கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. எந்த மருந்து, எத்தனை நாள்? இது சீனி வருத்தமாக (நீரிழிவாக) இருக்குமா? மழையில் நிற்கிறவருக்குக் காலைக் காய வைப்பது எப்படி? திட்டினாலும் பரவாயில்லை, விவரமாகச் சொல்லுங்கள்.

ஹட்டன் மச்சான்:

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து இரவில் விரல் இடுக்கில் அப்பி, துணி சுற்றிப் படுக்கச் சொல்லுங்கள். மூன்றே நாள். எங்கள் பாட்டி வைத்தியம் இதுதான். இங்கிலீஷ் மருந்து எல்லாம் காசுக்குப் பிடித்த கேடு.

ஓய்வு டிஸ்பென்சர்:

மகள், நான் டொக்டர் இல்லை. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத் தோட்ட டிஸ்பென்சரிகளில் 31 வருஷம் புண் கட்டியவன். அதனால் இந்தக் காலைப் படம் போட்டுக் காட்டாமலே எனக்குத் தெரிகிறது. ஜூன், ஜூலையில் காலை ஏழு மணிக்கு முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் வரிசையாக இருபது பேர் நிற்பார்கள், பதினைந்து பேருக்கு இதே இடத்தில் இதே புண். ஏன் சுண்டுவிரல் பக்கம் என்று கேட்பீர்கள். அந்த இரண்டு விரலும்தான் ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. காற்று போகாது. உள்ளே போன ஈரம் வெளியே வராது. பங்கசு என்கிற பூஞ்சைக்குக் குடியிருக்க அதைவிட நல்ல லயக் காம்பரா கிடைக்குமா?

முதலில் அந்த டியூப். வீட்டில் மிச்சம் இருந்தால் அதில் எழுதியிருப்பதை வாசித்துப் பாருங்கள். பீட்டாமெதசோன், குளோபீட்டாசோல் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டிரொய்ட் கலந்தது. ஸ்டிரொய்ட் அரிப்பையும் சிவப்பையும் உடனே அடக்கிவிடும். அடக்குவது நம் உடம்பின் எதிர்ப்பை, பங்கசை அல்ல. எதிர்ப்பு இல்லாத இடத்தில் அது ஆறுதலாகப் பரவும். நாலு நாளில் மாறி, பத்து நாளில் அகலமாகத் திரும்பி வந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோதே எனக்கு அதுதான் தோன்றியது. அதைத் தூக்கி எறியுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதுவும் நம் ஆட்களின் பழக்கம்.

வாங்க வேண்டியது குளோட்ரிமசோல் 1 சதவீதக் கிறீம். தனிக் குளோட்ரிமசோல் என்று அழுத்திக் கேளுங்கள். காலையும் இரவும், கழுவித் துடைத்துக் காய்ந்த பிறகு மெல்லிசாக, புண்ணைச் சுற்றியுள்ள நல்ல தோலிலும் ஒரு விரற்கடை சேர்த்து. இரண்டு காலுக்கும். நாலு வாரம். பத்தாம் நாளில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அங்கேதான் எல்லோரும் நிறுத்துவார்கள். கண்ணுக்கு மாறிய பிறகும் இரண்டு வாரம் பூச வேண்டும். டெர்பினஃபைன் என்று இன்னொன்று உண்டு, ஒன்றிரண்டு வாரத்தில் வேலை முடியும், விலைதான் கூட.

அவ்வளவு வாடை இருந்தது என்றால் பங்கசு மட்டும் இல்லை, பாக்டீரியாவும் சேர்ந்திருக்கும். நாங்கள் அந்தக் காலத்தில் முதல் நாலைந்து நாள் கொண்டிஸ் தண்ணியில், அதாவது பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த தண்ணீரில், காலை வைக்கச் சொல்வோம். பேசின் தண்ணீரில் ஒன்றிரண்டு துகள் போட்டால் போதும், நிறம் இளம் ரோஸாக இருக்க வேண்டும். கத்தரிப்பூ நிறத்துக்குப் போனால் தோல் வெந்துவிடும். ஒரு ஐயா வீட்டில் கைப்பிடி அள்ளிப் போட்டுக் காலை விட்டு, மறுநாள் என்னிடம் வந்து சண்டை பிடித்தார். பத்து நிமிஷம் போதும், நகம் கொஞ்சம் பழுப்பாகும், பயப்பட வேண்டாம். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், வாயில் போட்டால் பொல்லாதது.

இனி வேப்பிலைத் தம்பிக்கு. தம்பி, வேப்பிலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரைத்த விழுதை விரலிடுக்கில் அப்பித் துணியும் சுற்றினால் இரவு முழுக்க அங்கே ஈரம். பாட்டி காலத்து வெயிலில் அது காய்ந்து உதிர்ந்திருக்கும். ஜூன் மாதத்து லிந்துலையில் காயாது.

காய வைப்பதுதான் பாதி மருந்து. பழைய வேட்டித் துணியைக் கிழித்து விளக்குத் திரி மாதிரி உருட்டிக்கொள்ளுங்கள். இரவு கிறீம் பூசிய பிறகு சுண்டுவிரலுக்கும் நாலாம் விரலுக்கும் நடுவில் அந்தத் திரியை இறுக்காமல் படுக்க வைத்து விடுங்கள். விரல்கள் ஒட்டாது. காலையில் அதை அடுப்பில் போட்டுவிட்டுப் புதுத் திரி. காசில்லாத வேலை. நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், செய்தவர்கள் அடுத்த மழைக்கு என் வரிசையில் நிற்கவில்லை. கால் துடைக்கிற துண்டு அம்மாவுக்கு மட்டும் தனியாக இருக்கட்டும். முகம் துடைக்கிறதும் அதுதான் என்றால் வீடே ஆஸ்பத்திரி. உடுப்பு மாற்றும்போது முதலில் சொக்ஸைப் போட்டுவிட்டு அப்புறம் உள்ளாடை. சிரிக்காதீர்கள். கால் பங்கசு உள்ளாடை வழியாகத் தொடையிடுக்குக்கு ஏறுவது இப்படித்தான்.

பெருவிரல் நகத்தையும் பாருங்கள். மஞ்சளாகத் தடித்து, கீழே மாவு மாதிரி உதிர்ந்தால் பங்கசு அங்கேயும் குடியிருக்கிறது. கிறீமுக்கு அது மசியாது. டொக்டர் இரத்தத்தில் ஈரல் சோதனை பார்த்துவிட்டு மாத்திரை கொடுப்பார், மாதக்கணக்கில் போகும். கால் நகம் முழுதாகப் புதிதாய் வளர 12 முதல் 18 மாதம் ஆகும், அதனால் அவசரப்பட்டுப் பயனில்லை.

குதிகால் வேறு கதை. விரலிடுக்கு காய வேண்டும், குதிகால் ஊற வேண்டும். இரண்டையும் குழப்பி, வெடிப்புக்குப் பூசுகிற எண்ணெயை விரலிடுக்கிலும் தேய்த்தால் திரும்பவும் முதலிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் குதிகாலை வைத்து, கால் தேய்க்கிற கல்லால் மெதுவாகத் தேய்க்கட்டும். பிளேடு வேண்டவே வேண்டாம். ஈரம் முழுசாகப் போவதற்குள் வாஸ்லினோ தேங்காயெண்ணெயோ பூசி, பழைய பருத்திச் சொக்ஸ் போட்டுப் படுக்கட்டும். யூரியா சேர்ந்த கிறீம் கிடைத்தால் தடித்த தோலுக்கு அதுதான் கைகண்டது. உரச் சாக்கிலுள்ள யூரியா இல்லை மகள், பாமசியில் விற்கிற கிறீம். (ஒருவர் கேட்டார், அதனால் எழுதுகிறேன்.) மெழுகு வெடிப்பை மூடும், ஆனால் உள்ளே உள்ள அழுக்கையும் சேர்த்து மூடும். உள்ளங்கால் முழுதும் மாவு பூசியது போல வெள்ளைச் செதிலாக, ரேகைகளில் கோடு கோடாகத் தெரிந்தால் அது வெறும் வறட்சி இல்லை, அதுவும் பங்கசுதான். அப்போது அங்கேயும் குளோட்ரிமசோல்.

வெறுங்காலோடு மலைக்குப் போகிறாரா? அப்படியானால் ஒரு கொசுறு. தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் யாராவது ஒதுங்கிய இடத்து ஈர மண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சு இருக்கும். விரலிடுக்குத் தோலைத் துளைத்துத்தான் உள்ளே போகும், அந்த இடமும் அரிக்கும். குடலில் உட்கார்ந்து இரத்தம் குடிக்கும். 1916இல் ராக்ஃபெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்ததே இந்தப் புழுவை ஒழிக்கத்தான். இன்றைக்கு அவ்வளவு இல்லை. ஆனாலும் அம்மா வெளுத்துப் போய், ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் பூச்சி மாத்திரையைப் பற்றியும் இரத்தம் பார்ப்பதைப் பற்றியும் கேளுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது? புறங்கால் சிவந்து சுடுகிறது, சிவப்பு மேலே ஏறுகிறது, தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது, குளிரும் காய்ச்சலும். இதில் எது வந்தாலும் அன்றைக்கே பெரியாஸ்பத்திரி. அன்றைய நாள் சம்பளம் போனால் போகட்டும்.

நோர்வூட் அக்கா:

தங்கச்சி, நான் மருந்து படிக்கவில்லை, ஆனால் 23 வருஷமாகக் கூடை சுமக்கிறேன். ஐயா சொன்னதெல்லாம் சரி. பூட்ஸ் விஷயத்தை என்னிடம் விடுங்கள்.

அம்மா பூட்ஸ் வழுக்குது என்கிறது பொய் இல்லை. ஒரு அளவு பெரிதாக வாங்கியிருப்பீர்கள், நம் வீட்டில் எல்லாமே "கொஞ்சம் பெருசா இருக்கட்டும்" தானே. உள்ளே கால் ஆடினால் சரிவில் வழுக்கும், குதிகாலும் உரியும். அளவு சரியாக, அடியில் ஆழமாக வெட்டு வைத்தது பார்த்து வாங்குங்கள். வாங்கும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள், சாயந்தரம் போனால் நல்லது, நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

பூட்ஸுக்குள் வெறுங்காலை விட்டால் வியர்வையே சேறு. சொக்ஸ் இரண்டு சோடி வேண்டும், ஒன்று காலில், ஒன்று இடுப்பில் கட்டுகிற படங்குத் துணிக்குள் பொலித்தீனில் சுற்றி. பகல் நிறுவை முடிந்து கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டி, காலைத் துடைத்து, காய்ந்த சோடியைப் போட்டுவிடுவேன். முதலில் எல்லாரும் கேலி பண்ணினார்கள். "துரைசாணி சொக்ஸ் மாத்துறாங்க" என்று கங்காணி முதல்கொண்டு. இப்போது எங்கள் நிரையில் ஆறு பேர் மாற்றுகிறோம்.

அட்டைக்குப் பயந்துகொண்டு சிலர் காலில் ஷொப்பிங் பேக்கைக் கட்டிக்கொண்டு பூட்ஸைப் போடுகிறார்கள். அட்டை வராது, ஆனால் கால் அவிந்து போகும். நெருக்கமாக நெய்த நீளச் சொக்ஸை முழங்காலுக்குக் கீழே கட்டி, வெளியே சவர்க்காரத்தைக் காயவைத்துத் தேய்த்தால் போதும். அட்டை ஏறினாலும் பிய்க்காதீர்கள். வாய்ப் பக்கத்தில் நகத்தை வைத்துத் தள்ளினால் கழன்றுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது எச்சிலில் ஏதோ விடுகிறது, அதனால்தான் அரை மணிநேரத்துக்கு மேலும் ஒழுகும். துணியை வைத்து அழுத்திப் பிடித்தால் நிற்கும். அந்த இடத்தைச் சொறியவே கூடாது, என் காலில் பாதித் தழும்பு அட்டை கடித்தது இல்லை, நான் சொறிந்தது.

பூட்ஸ் காய வைக்க: பழைய பேப்பரை உருட்டி உள்ளே திணித்து, அடுப்பிலிருந்து ஒரு கை தூரத்தில் குச்சியில் கவிழ்த்து வையுங்கள். ஒரு மணி கழித்துப் பேப்பரை மாற்ற வேண்டும். அடுப்புக்கு மேலேயே வைத்தால் ரப்பர் வெடிக்கும். என் முதல் சோடி அப்படித்தான் போனது.

ஐயா, எனக்கும் ஒரு கேள்வி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி குத்துகிற மாதிரி வலி. நாலு அடி நடந்தால் குறைந்துவிடும். மலையில் இருக்கும்போது தெரியாது, திரும்ப இரவில் எழுந்தால் அதே வலி. இதுவும் பித்தவெடிப்பா?

டயகம பேரன்:

சீனியைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். அவருக்கும் விரலிடுக்கில் இதே புண்தான். வலிக்கவில்லை என்றார். வலிக்கவில்லை என்றால் நல்லது என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒரு குளிர் நாளில் பேசினில் சுடுதண்ணீர் ஊற்றிக் காலை வைத்தார். தங்கச்சி கையை விட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினாள், அவ்வளவு கொதி. அப்பாவுக்குத் தெரியவில்லை. தோல் தோலாக உரிந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தால் சீனி 300க்கு மேல். எத்தனை வருஷமாக இருந்ததோ. நரம்பு செத்துப்போயிருந்தது. இரண்டு விரலை எடுத்தார்கள்.

உங்கள் அம்மாவுக்கு அரிக்கிறது, எரிகிறது என்றால் ஒருவகையில் நல்லதுதான். ஆனாலும் வெறும் வயிற்றில் சீனியைப் பாருங்கள். 126 அல்லது அதற்கு மேல் என்றால் சீனி வருத்தம், இன்னொரு நாளும் பார்த்து உறுதி செய்வார்கள். அது வரைக்கும் தண்ணீரில் காலை வைக்கும்முன் முழங்கையை விட்டுப் பாருங்கள். கால் ஆணி இருந்தால் பாமசியில் விற்கிற கோர்ன் பிளாஸ்டரை ஒட்டாதீர்கள், அதிலுள்ள அமிலம் உணர்ச்சி இல்லாத காலைக் குழியாக அரித்துவிடும். அப்பா இப்போது ஒவ்வொரு இரவும் முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். செருப்பைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டுகிறார். முன்பெல்லாம் முகச்சவரம் செய்யக்கூடக் கண்ணாடி பார்க்காத மனுஷன்.

ஓய்வு டிஸ்பென்சர்:

தம்பி எழுதியதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது. கொண்டிஸ் தண்ணியும் ஞாயிற்றுக்கிழமை ஊறவைப்பதும் சீனி பார்த்த பிறகுதான். சீனி உள்ளவர்கள் காலை ஊறவைக்கவே வேண்டாம், கழுவித் துடைத்தால் போதும்.

நோர்வூட் மகளுக்கு: அது பித்தவெடிப்பு இல்லை. உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் ஒரு தடித்த நார் ஓடுகிறது, ஏற்ற இறக்கத்தில் சுமையோடு நின்று அது புண்பட்டிருக்கிறது. இரவில் சுருங்கிக் கிடந்ததை முதல் அடியில் இழுக்கிறீர்கள், அதுதான் அந்தக் குத்தல். கட்டிலை விட்டு இறங்குமுன் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி உங்கள் பக்கமாக இழுத்து முப்பது எண்ணுங்கள், மூன்று தடவை. சாயந்தரம் ஒரு சோடாப் போத்தலை உள்ளங்காலுக்கு அடியில் போட்டு உருட்டுங்கள். வீட்டுச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். மாறும், ஆனால் மாதக்கணக்கில். ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் அதைக் கடைசிக்கு வையுங்கள்.

லிந்துலைப் பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் ஆகிவிட்டது, சொல்லிவிட்டுப் போகிறேன்.

டயகம அண்ணா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் காலையில் "எங்கே போய் இரத்தம் குடுக்கணும்" என்றார். வெறும் வயிற்றில் 118. வருத்தம் இல்லை, ஆனால் கரையில் நிற்கிறார் என்றார் டொக்டர். தேத்தண்ணிக்குச் சீனியை விடச் சொன்னார். இப்போது கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிறார், அது சீனி இல்லையாம்! அந்தச் சண்டை தனியாக நடக்கிறது.

டியூபை எடுத்துப் பார்த்தேன், ஐயா சொன்ன பெயர்தான். தூக்கி எறிந்துவிட்டேன். குளோட்ரிமசோல் இரண்டாவது டியூப் ஓடுகிறது. வாடை முதல் வாரத்திலேயே போய்விட்டது. வெள்ளைத் தோல் போய் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்திருக்கிறது, இடது காலில் மட்டும் ஓரத்தில் சின்ன வெடிப்பு மிச்சம். மூன்றாம் வாரத்தில் அம்மா நிறுத்தப் பார்த்தார், என் தம்பி விடவில்லை. திரி வேலையை அம்மாவே எடுத்துக்கொண்டார். கோயிலுக்குத் திரி திரிக்கிற கை, நான் உருட்டியதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பத்துப் பத்தாக அவரே திரித்து ஒரு டின்னில் போட்டு வைத்திருக்கிறார்.

பூட்ஸ் மாற்றினோம். ஒரு அளவு குறைத்துத்தான். அக்கா, ஒன்று கேட்க வேண்டும்: சொக்ஸ் இரண்டு சோடியும் இரவுக்குள் காய மாட்டேன் என்கிறது, அடுப்புக்கு மேல் கட்டிய கம்பியில் போட்டால் புகை வாடை. நீங்கள் அயர்ன் பண்ணுகிறீர்களா, இல்லை மூன்றாவது சோடி வாங்குவதா?